பாதி கேட்ட ஐயோ

தெரணியகலை பஜாரில் எனக்கு ஒரு ஹார்ட்வேர் கடை இருக்கிறது. ரோட்டில் இரண்டு லொறி ஓடுகிறது. நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான். புல்லு வெட்டினேன், ரப்பர் பால் சுமந்தேன், லொறியில் கிளீனராகத் தொங்கினேன், கடைசியில் அந்த லொறியையே வாங்கினேன். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உழைத்தவன் சொல்லாமல், பார்த்துக்கொண்டிருந்தவனா சொல்லுவான்?

இதை எழுத்துக் கூட்டி நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் மாஸ்டர் திருத்துவார். எழுத்தைத் திருத்துங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதில் எனக்குப் பெருமை தருகிற விஷயம் அதிகம் இல்லை. அதனால்தான் முதலிலேயே கடையையும் லொறியையும் சொல்லி வைத்தேன்.

மாஸ்டர் வடக்கிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தவர். பட்டதாரி. இரண்டு வருஷத்தில் திரும்பிப் போவேன் என்று வந்தவர் பதினைந்து வருஷமாக இங்கேதான் படிப்பிக்கிறார். இன்னொருவர் பாஸ். சிங்களவர், தச்சு வேலை செய்கிறவர். எங்கள் பக்கத்தில் மேசன், தச்சன் எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குக் கதவும் ஜன்னலும் செய்து செய்தே அவர் எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டார். என்னை இருவரும் முதலாளி என்பார்கள். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

நாங்கள் சேர்ந்தது என் கடை வாசலில். மாஸ்டர் ஊருக்குப் புதிது. வாடகை அறைக்கு ஒரு பூட்டு வாங்க வந்து நின்றார். பாஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புது மனுஷனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்து, "என்ன, மாஸ்டர், என்ன!" என்றார். சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள் என்று அர்த்தம்.

மாஸ்டர், "ஒண்டுமில்லை. ஒரு பூட்டு வாங்க வந்தனான்," என்றார்.

பாஸ் பெஞ்சைத் தட்டிக் காட்டி மறுபடியும், "என்ன, என்ன!" என்றார்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்றன்தானே!"

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பாஸ் பயந்து எழுந்துவிட்டார். நான்தான் நடுவில் போய் இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுத்தேன். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்குப் பூட்டு விற்க மறந்துவிட்டேன்.

அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. ஒரு சொல்லைப் பிய்த்து இன்னொரு சொல்லோடு ஒட்டுவதைக் கடி என்பார்கள். பெருநாள் வந்தால் ஆளுக்கு ஒரு கடி கொண்டு வர வேண்டும். தீபாவளி, பொங்கல், வெசாக், சித்திரைப் புதுவருஷம், நத்தார், எதுவாக இருந்தாலும் சரி. கேட்கிறவர் சிரிக்கக் கூடாது. தலையில் கை வைத்து, நீட்டி முழக்கி, "ஐயோஓஓ" என்று முனக வேண்டும். யாருடைய கடிக்கு நீளமான ஐயோ விழுகிறதோ அவருக்குத்தான் முதல் பலகாரம். ஐயோ என்பது தமிழிலும் ஐயோ, சிங்களத்திலும் ஐயோ. அந்த ஒரு சொல்லை நான் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சிங்களத்தில் அவுருது என்றால் புதுவருஷம். பாஸ் அதற்குச் சொன்னது: "அவுருது யாரோடது? அவருது!" மாஸ்டர் ஒரு பொங்கலுக்குச் சோற்றில் கல் கடித்து, வாயைப் பிடித்துக்கொண்டு, "பெயரிலேயே கல் இருக்கு, பிறகு யாரைக் குறை சொல்றது?" என்றார். பட்டதாரி கடி அவ்வளவுதான்.

என்னுடையதைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் கடையிலிருந்து ஆளுக்கொரு சிவப்பு வாளி எடுத்து, அதில் முறுக்கும் அதிரசமும் நிரப்பிக் கொண்டுபோய் வைத்தேன். தேயிலை பெக்டரிச் சுவரில் நெருப்புப் பிடித்தால் அணைக்க மண் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாதிரிச் சிவப்பு.

"என்னது முதலாளி?" என்றார் பாஸ்.

"தீ வாளி!"

மாஸ்டர் விட்ட ஐயோ பக்கத்து வீட்டு நாயை எழுப்பியது. பல்கலைக்கழகம் போனவர் நாலாம் வகுப்பிடம் தோற்ற நாள் அது. அந்த வாளி பாஸ் வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாஸ் வீடு கட்டினார். ரப்பர் தோட்டத்துக்கு மேலே, சரிவில், படி வெட்டி ஏறிப் போக வேண்டிய இடத்தில். கதவு, நிலை எல்லாம் அவர் கையால் செய்தது. கீல், தாழ்ப்பாள் என் அன்பளிப்பு. ஒரு சித்திரைப் புதுவருஷத்தன்று குடி புகுந்தார்கள். மாஸ்டரும் நானும் மூச்சு வாங்க ஏறிப் போனோம்.

தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து எடுக்கிற இடம். "மலைக்குப் போயாச்சா?" என்றால் வேலைக்குப் போயாச்சா என்று அர்த்தம். சிங்களத்தில் கெதர என்றால் வீடு. நான் புது வாசலில் நின்று கீழே பார்த்தேன். சொல் தானாக வந்து வாயில் விழுந்தது.

"மலை மேல கெதர. அப்ப இது மலைகெதர!"

பாஸ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "ஐயோஓஓ முதலாளி!" என்றார். சிங்களத்தில் மலகெதர என்றால் சாவு விழுந்த வீடு. மாஸ்டருக்குப் புரியவில்லை. சொன்னேன். அவரும் முனகினார். அதைவிட நீளமான ஐயோ அதற்கு முன்பும் விழவில்லை, பின்பும் விழவில்லை.

பாஸின் சம்சாரம் கிரிபத் என்கிற பால்சோறும் கொக்கிஸ் பலகாரமும் வைத்த தட்டோடு வந்துகொண்டிருந்தார். நான் அவரை அக்கே என்பேன். தட்டு அப்படியே நின்றது.

"அனே முதலாளி, எபா," என்றார். வேண்டாம் என்று. கோபம் இல்லை, கெஞ்சல். தட்டை வைத்துவிட்டு நிலையில் கை வைத்துச் சிங்களத்தில் சொன்னார்: "புது வீடு முதலாளி. இதுக்குக் காது கேக்கும்."

"பகிடிதானே அக்கே. கண்ணூறு கழியும்," என்றேன் நான், அவர் பாஷையிலேயே. எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. சிங்கள வியாபாரிகளே போனில் என் பேச்சைக் கேட்டுவிட்டு நேரில் பார்த்து, நீங்க தமிழா என்பார்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

முதல் கொக்கிஸ் எனக்குத்தான் கிடைத்தது. அவர் கையால்தான் கொடுத்தார். சிரிக்கவில்லை.

அந்தக் கடி செத்துப் போகவில்லை. கைபேசி வந்து, மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் வந்த பிறகு இன்னும் வளர்ந்தது. எனக்கு எழுத நேரமாகும். பாஸுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் எல்லாம் வொய்ஸ்தான். ஒவ்வொரு பெருநாள் காலையிலும் பாஸ், சம்சாரத்துக்குக் கேட்காத தூரத்தில் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, "முதலாளி, மாஸ்டர், மலகெதரட்ட என்ன!" என்று அனுப்புவார். இழவு வீட்டுக்கு வாங்க என்று. நாங்கள் முனகல் அனுப்புவோம். இது ஆறேழு வருஷம் நடந்தது.

இனி அந்தப் பொங்கல்.

காலையில் என் வீட்டு முற்றத்தில் பானை வைத்தாயிற்று. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், லொறி டிரைவர்மார் குடும்பம் என்று ஒரே கூட்டம். பானை பொங்கி வழிகிற நேரம். "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லாரும் கத்துகிறார்கள், யாரோ பட்டாசு கொளுத்திவிட்டார்கள். அந்த நேரம் போன் முனகியது. பாஸின் வொய்ஸ். காதில் வைத்துக் கேட்டேன்.

"முதலாளி... மாஸ்டர்... அபே கெதர மலகெதர உணா. என்ன."

குரல் கரகரவென்றிருந்தது. தை மாதப் பனி, சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். வழக்கமான அழைப்புத்தான் என்று நினைத்தேன். 'உணா' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. ஆகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீடு சாவு வீடாகிவிட்டது. சிங்களம் தண்ணீர் மாதிரி என்று சொல்கிறவன், அந்த ஒரு சொல்லைப் பட்டாசுச் சத்தத்தில் விட்டுவிட்டேன்.

பதிலுக்கு வொய்ஸ் அமுக்கினேன். சுற்றி ஆட்கள் இருந்ததால் நல்லாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம். முதலில் அடிவயிற்றிலிருந்து ஒரு ஐயோ. நீளமாக, கடைசியில் உடைந்து. அது முடிந்து கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொன்னேன்: "மலைக்கு மாலைல வர்றேன் பாஸ். மாலையோட வர்றேன்! வடையை எண்ணி வையிங்க!" பிறகு என் சிரிப்பு. சுற்றி நின்றவர்களின் சிரிப்பும் அதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் போன் எடுத்தார். அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார்.

"முதலாளி, உது பகிடியோ, உண்மையோ? ஏதோ 'உணா' எண்டு கடைசியிலை கேட்டுது."

"மாஸ்டர், எனக்கே சிங்களம் படிச்சுக் குடுக்கிறீங்களா? வருஷா வருஷம் கூப்புடுறதுதான்."

"இல்லை, குரலும் ஒரு மாதிரி..."

"சளி. பொங்கல சாப்புடுங்க, கல்லு பாத்து!"

அவர் நம்பிவிட்டார். நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

சாயங்காலம் கிளம்பும்போது, சாமி படத்துக்கு வாங்கிய செவ்வந்தி மாலைகளில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாசலிலேயே பாஸ் கழுத்தில் போடுவது என் திட்டம். "பொங்கலும் அதுவுமா யாருக்கு மாலை?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். "பாஸுக்கு," என்றேன். டிபன் கெரியரில் சர்க்கரைப் பொங்கலும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

சந்தி திரும்பியதும் ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. யாரோ செத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொடி போய்க்கொண்டே இருந்தது. ரப்பர் தோட்டத்து வளைவில் இடது பக்கம் திரும்பி, பாஸ் வெட்டிய படிகளில் ஏறியது.

ஆட்டோக்காரர், "இங்கதானே முதலாளி?" என்றார்.

டிபன் கெரியரை ஆட்டோவிலேயே விட்டேன். மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அது கையிலேயே இருந்தது. படியில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அக்கேயின் அண்ணன் இறங்கி வந்து என் தோளைப் பிடித்து, "தமிழ் ஆட்களோட முறை, மாலை கொண்டு வந்திருக்கார்," என்று மற்றவர்களிடம் சிங்களத்தில் சொல்லி என்னை உள்ளே கூட்டிப் போனார். எல்லாரும் மரியாதையாக விலகினார்கள். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்று அக்கேயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விடியும் முன்பே போய்விட்டார். பெட்டி வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

மாலையைக் கால்மாட்டில் வைத்தேன். குடி புகுந்த அன்றைக்கு அக்கே கை வைத்து நின்ற அதே நிலையை ஒட்டித்தான் பெட்டி இருந்தது.

என்னைப் பாராட்டினார்கள். முதலாளி பெரிய மனுஷன் என்றார் ஒருவர். பொங்கலைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றார் இன்னொருவர். நான் தலையாட்டினேன். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி யார் எவ்வளவு சொன்னாலும் அது எனக்கு உரியது என்றே எடுத்துக்கொண்டவன் நான். அன்றைக்குச் சொன்னது எனக்கு உரியதில்லை. அதையும் எடுத்துக்கொண்டேன்.

பாஸ் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். அவர் முகத்தில் என்ன வரப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காலையில உங்க ஐயோ கேட்டேன் முதலாளி," என்றார். "எத்தனையோ பேர் போன்ல என்னென்னமோ சொன்னாங்க. நீங்க ஐயோன்னு அழுதீங்க. அதுக்கு மேல கேக்க முடியல. வச்சிட்டேன்."

வச்சிட்டேன் என்றார். மிச்சம் அவர் சட்டைப் பையில், அந்தப் போனுக்குள் இருந்தது. என் மாலையும் வடையும் என் சிரிப்பும். நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த நிமிஷத்தில்தான். சொல்லவில்லை. அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் அடக்கத்துக்கு மாஸ்டர் இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். சுடலையிலிருந்து திரும்பும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"நான் கேட்டனான் முதலாளி. 'உணா' எண்டு கேட்டது எண்டு சொன்னனான்."

"சொன்னீங்க மாஸ்டர்."

"அந்தாள் மிச்சத்தைக் கேக்க முதல் நீங்களாப் போய்ச் சொல்லிப்போடுங்கோ. வேறை வழி இல்லை."

"ஏழாம் நாள் தானம் முடியட்டும்," என்றேன். துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் இதைச் சொல்வதா என்று எனக்கு நானே காரணம் வைத்துக்கொண்டேன். உண்மைக் காரணம் அது இல்லை. அந்த ஊரில் நான் மாலை கொண்டு வந்த கதை பரவியிருந்தது. பஜாரில் சிங்களக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஏழாம் நாள் தானத்துக்கு அரிசி மூட்டையோடு போனேன். கூட்டம் வடிந்த பிறகு பாஸ் தன் போனை என்னிடம் கொடுத்து, "இதைச் சார்ஜ்ல போடுங்க முதலாளி," என்று வெளியே போனார். அவர் போனுக்குப் பூட்டுக் கிடையாது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எங்கள் குரூப்பைத் திறந்தேன். என் வொய்ஸ் அங்கே இருந்தது. பாதியில் நின்றிருந்தது. அழுத்திப் பிடித்தால் அழிக்கலாம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். பிடித்தேன். ஏதேதோ வந்தது. எல்லாம் சிங்கள எழுத்து.

தண்ணீர் மாதிரிப் பேசுவேன். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. பஸ்ஸில்கூட போர்டின் நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். தவறி அமுக்கினால் அந்தச் சாவு வீட்டில் என் சிரிப்பு சத்தமாகக் கிளம்பிவிடுமே என்ற பயத்தில் விரலை எடுத்துவிட்டேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. போனை அப்படியே ஜன்னலில் வைத்து வயரைச் சொருகிவிட்டு, போய்ட்டு வர்றேன் என்று இறங்கிவிட்டேன்.

பிறகு மாஸ்டரிடம் கேட்டபோது, "உங்கடை போனிலை இருந்து அழிக்கிற நேரமும் கடந்திட்டுது," என்றார். "போனை விடுங்கோ. வாயால சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு பாஸ் கடைக்கு வரவில்லை. ஆணி வாங்கவும் வரவில்லை. வேறு ஊர்க் கடையில் வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். துக்கம் என்று நினைத்தேன். மிச்சத்தைக் கேட்டுவிட்டாரோ என்றும் நினைத்தேன். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளப் போய்ப் பார்த்தால் போதும். படியேறப் போவேன், ரப்பர் தோட்டத்து வளைவு வரைக்கும் போவேன், திரும்பிவிடுவேன். குரூப்பில் யாரும் எதுவும் போடவில்லை. பெஞ்சில் மாஸ்டரும் நானும் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் யாரோ புதிதாக வந்தவரைப் பார்த்து பஜாரில் ஒருவர் "என்ன, என்ன" என்றார். நாங்கள் இருவரும் கீழே பார்த்துக்கொண்டோம்.

சித்திரை வந்தது. பஜார் பூராவும் ரபான் மேளச் சத்தம், புதுச்சேலை, பட்டாசு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் புதுவருஷம் கொண்டாட மாட்டார்கள். 'அவருது' சொல்ல ஆள் இல்லாத முதல் வருஷம்.

புதுவருஷம் கழிந்த மறுநாள் பாஸின் வொய்ஸ் வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு.

"முதலாளி, மூணு மாச தானே. என்ன."

சிங்களத்தில் தானே என்றால் தானம். இறந்து மூன்று மாதத்தில் ஹாமுதுருமாருக்கு, அதாவது பிக்குமாருக்கு, சாப்பாடு கொடுக்கிற நாள். அதற்குக் கூப்பிடுகிறார். ஆனால் தமிழ்க் காதில் அது வேறு மாதிரியும் விழுந்தது. நான் நாலைந்து தரம் போட்டுக் கேட்டேன். குரலில் ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டரிடம் கொடுத்தேன்.

அவர் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "இந்த முறை நீங்கள் அர்த்தம் சொல்ல வேண்டாம் முதலாளி. போய்க் கேளுங்கோ."

தானத்தன்று விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். வளைவில் நிற்கவில்லை. பாஸ் முற்றத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் குந்தி, பாயின் ஒரு ஓரத்தைப் பிடித்தேன்.

"பாஸ், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் மாலை கொண்டாந்தேனே, அது..."

"பகிடிக்கு," என்றார்.

பாய் என் கையிலிருந்து சுருண்டுகொண்டது.

"எப்ப கேட்டீங்க?"

"ஏழாம் நாளு. நீங்க போனதுக்குப் பொறகு. போன் தொறந்தே கெடந்துச்சு, உங்க வொய்ஸ் மேலயே நின்னுச்சு. சரி, பாதியில விட்டோமேன்னு அமுக்கினேன்."

நானே திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அப்ப ஏன் பாஸ் என்னைய ஒண்ணும் கேக்கல? வந்து ரெண்டு அறை விட்டிருக்கலாமே?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." பாயை மறுபடி இழுத்து நேராக்கினார். "மூணு மாசம்தானே முதலாளி."

அப்போதுதான் அந்த வொய்ஸ் எனக்கு முழுதாகக் கேட்டது. கடியில் நான்தான் பெரியவன் என்று இருந்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய கடியை அவர் அனுப்பியிருந்தார். அதில் விளையாட்டே இல்லை.

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "அவ வேணாம்னா. நீங்க கேக்கல. நானும் கேக்கல. அவளுக்குத் தெரியாம வெளிய நின்னு வருஷம் பூரா சொன்னது நான்தானே. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு உங்களுக்குச் சொல்லப் போறேன், எங்க பாஷையில அதுக்கு வேற சொல்லு எனக்கு வரல. இருந்தது அது ஒண்ணுதான். இஸ்குரு ஆணிய வெளையாட்டுக்குத் திருகித் திருகி விட்டா மரை தேஞ்சு போகும் முதலாளி. வேலைக்கு வேணுங்கிற அன்னைக்குப் பிடிக்காது."

ஆணி விற்கிறவன் நான். தலையில் கை போனது. வாயிலிருந்து ஐயோ என்று வந்தது. நீளமாக, கடைசியில் உடைந்து.

பாஸ் முதல் தரமாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்படியேதான் கேட்டுச்சு," என்றார்.

அதைக் குற்றமாகச் சொன்னாரா, வேறு மாதிரிச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கீழே ரோட்டில் வேன் வந்து நின்றது. ஹாமுதுருமார் படியேறி வந்தால் வாசலில் கால் கழுவிவிட வேண்டும். பாஸ் எழுந்து, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காட்டினார். சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது.

"தண்ணி கொண்டாங்க முதலாளி. சுருக்கா."

கீழே தண்ணீர் விழுகிற பீலிக்கு ஓடினேன். நிறைத்துக்கொண்டு ஏறும்போது பாதி என் வேட்டியிலேயே தளும்பிப் போயிற்று. திரும்ப இறங்கிப் போய் நிறைத்தேன்.